ஊர்களும் நாமும்: புதுச்சேரியில் இடிந்த ஒரு சுவர்



இந்த மாதம் நாம் போகும் ஊர் புதுச்சேரி. விடுமுறைக்கு இந்தியா போனபோது உங்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் கார் பயணம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர், "ரூ" என்று தொடங்கும் வீதிப் பெயர்கள், கடற்கரையில் நாலு போட்டோ. பிரான்ஸின் ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரைத் தூக்கி வந்து தமிழ்க் கடற்கரையில் இறக்கி வைத்ததுபோல இருக்கும்.

அந்த அழகான வீதிகளின் கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லுவார்கள். அந்த ஊரில் ஓர் ஆலயத்துக்குள் நின்ற சுவரைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. நம்மைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. ஆனால் அந்தச் சுவருக்கு வருமுன் ஊரின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவிடுவோம்.

ரோமக் கப்பல்கள் வந்த துறை

புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேடு என்று ஒரு மேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டினார். ரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், இத்தாலியில் செய்த மண்பாத்திரங்களும், மணிகளும் கிடைத்தன. கிறிஸ்து பிறந்த நூற்றாண்டை ஒட்டி, ரோமப் பேரரசோடு இந்தக் கரை வியாபாரம் செய்திருக்கிறது. பவுல் அப்போஸ்தலர் மத்தியதரைக் கடலில் கப்பல் ஏறிய காலத்தில், அதே பேரரசின் சாடிகள் தமிழ்க் கரையிலும் இறங்கிக்கொண்டிருந்தன. அந்நாளில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேட்டில் "பொதுகே" என்று ஒரு துறை வருகிறது. அது இந்த இடம்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

புதுச்சேரி என்றால் புதிய குடியிருப்பு. பழந்தமிழில் "சேரி" என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த சொல், அவ்வளவுதான். அதில் இழிவு எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் தெருவுக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்தது பிறகு வந்த வழக்கம். மனிதரை ஒதுக்கும்போது சொல்லும் சேர்ந்து ஒதுங்கிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ராஜா, இரண்டு கரைகள்

1674இல் பிரான்சுவா மார்த்தேன் என்ற பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரி புதுச்சேரியில் வந்து தங்கினார். அப்போது அந்தப் பகுதி பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதி ஷேர்கான் லோடியின் கையில் இருந்தது. அவருடைய அனுமதியோடுதான் பிரெஞ்சுக்காரர் குடியேறினார்கள். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். இன்று நாம் வியக்கும் நேர்க்கோட்டு வீதிகளுக்குத் திட்டம் வரைந்தவர்கள் அவர்கள்தான். 1697இல் ஐரோப்பாவில் ரைஸ்விக் உடன்படிக்கை ஆனது. 1699இல் ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

அப்போது பிரான்ஸை ஆண்டவர் பதினான்காம் லூயி. அதே ராஜா 1685இல் ஒரு காரியம் செய்தார். பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டுகளுக்கு ஆராதனை உரிமை தந்திருந்த 1598ஆம் ஆண்டு நாந்த் ஆணையை ரத்து செய்தார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் துரத்தப்பட்டார்கள். ஏறக்குறைய 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஹூகனாட்டுகள் என்று நாம் படிப்பது இவர்களைத்தான்.

அவர்களில் சிலர் நாம் இப்போது வாழும் பக்கத்துக்கும் வந்தார்கள். நியூயார்க்கில் நியூ ரோஷல் என்ற ஊர் 1688 வாக்கில் அவர்கள் அமைத்தது. பிரான்ஸில் புரொட்டஸ்டண்டுகளின் கோட்டையாக இருந்த லா ரோஷல் நகரத்தின் நினைவாக வைத்த பெயர். அதற்கு முன்னரே, 1677இல், தாவீது தெ மாரே என்ற ஹூகனாட்டுக் குடும்பத் தலைவர் நியூஜெர்சியில் ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில் நிலம் வாங்கிக் குடியேறியிருந்தார். பெர்கன் கவுண்டியில் டெமரெஸ்ட் என்ற ஊர்ப்பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? அது அந்தக் குடும்பத்தின் பெயர். பக்கத்தில் நியூ மில்ஃபோர்டில் அவர்களுடைய பழைய பிரெஞ்சுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது.

ஆக, ஒரே ராஜாவின் காலத்தில், ஒரு கடற்கரையில் அவருடைய கொடி ஏறியது. இன்னொரு கண்டத்தின் ஆற்றங்கரையில் அவருடைய நாட்டில் வாழ முடியாதவர்கள் குடிசை போட்டார்கள். நம் சபைக் குடும்பங்களுக்கு இந்த இரண்டு ஊர்களும் சொந்தம். ஒன்று நாம் விட்டுவந்த கரையில் இருக்கிறது, மற்றொன்று நாம் வந்து சேர்ந்த கரையில் இருக்கிறது.

நாள்தோறும் எழுதிய பிள்ளை

புதுச்சேரியின் பெரிய காலம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1742இல் தூப்ளே கவர்னராக வந்தார்; அவர் காலத்தில், 1746இல், பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையையே பிடித்தார்கள். அந்தக் காலத்தில் ஊரில் ஆனந்தரங்கப் பிள்ளை என்றொரு வியாபாரி இருந்தார். பிறகு கவர்னரின் தலைமைத் துபாஷி ஆனவர். 1736 முதல் 1761 வரை, 25 ஆண்டுகள், அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலை, யாருக்கும் யாருக்கும் சண்டை, கவர்னரின் மனைவி என்ன சொன்னார் என்று எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது.

பிள்ளை இந்து. ஆனாலும் ஊரில் நடந்த கிறிஸ்தவர் விஷயங்களையும் விடாமல் எழுதினார். இதனால் நமக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைக்கிறது. நம் சபைகளைப் பற்றி நாமே எழுதிய வரலாறுகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலும் நல்லதுதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்த்து அன்றன்றைக்கு என்ன எழுதிவைத்தார் என்பது வேறு கண்ணாடி.

சுவர்

அந்நாளில் புதுச்சேரியில் இயேசு சபைக் குருமார் கட்டிய செயிண்ட் பால் ஆலயம் இருந்தது. மக்கள் வாயில் "செயிண்ட் பால்" சுருங்கிச் "சம்பா கோயில்" ஆனது. இன்றும் மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை ஊர்க்காரர் சம்பா கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பழைய ஆலயத்தின் உள்ளே, வடபக்கத்தில், ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம், அந்நாளில் பறையர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம், சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். பலிபீடம் ஒன்று, பூசை ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று. நடுவில் சுவர்.

1745 அக்டோபரில் நடந்ததைப் பிள்ளை எழுதியிருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு, சுவருக்கு அப்பால் உட்கார்ந்தவர்களிடம், இதை நீங்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று பேசினார். அவர்கள் கூடிப் பெரிய குருவிடம் போய் முறையிட்டார்கள். ஆண்டவர் எங்களையும் மற்றவர்களையும் வேறாகப் பார்க்கிறாரா, நீங்கள் எங்கள் குரு என்றால் எங்களை ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். பெரிய குருவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கலந்து நின்றார்கள்.

சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். குருமாரோடு வாய்ச்சண்டை முற்றியது, விஷயம் கவர்னர் வரை போனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சுவரை யாரும் ஒரே இரவில் கட்டிவிடவில்லை. அது ஆலயத்தோடு சேர்ந்தே வந்தது. குருமார் கெட்ட எண்ணத்தோடு கட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. இப்படிப் பிரித்து வைத்தால்தான் மேல்சாதியார் கோயிலுக்கு வருவார்கள், வந்த பிறகு மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று பல மிஷனரிகள் நம்பிய காலம் அது. ஆனால் மெதுவாக என்பது ஆண்டுக்கணக்காக நீண்டது. கடைசியில் மாற்றம் வந்தது, சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்க் கேட்டபோதுதான்.

அது கத்தோலிக்கர் கதை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. புதுச்சேரியிலிருந்து அதே கரையில் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலை மாதம் சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கிய ஊர். தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சான ஊர். நம் புரொட்டஸ்டண்டுத் தாய்வீடு. அங்கே 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிக் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் தனித்தனியேதான் உட்கார்ந்தார்கள். சுவர் மட்டும் இல்லை.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக நீங்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நிறையக் குடும்பங்கள் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகின. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதைவிட, திருவிருந்தே இல்லாமல் இருப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. இவர்களும் நம் முன்னோர்கள்தான்.

இடிந்த ஊர், எழுந்த ஊர்

புதுச்சேரியில் அடுத்து விழுந்தது வேறொரு சுவர். சம்பா கோயிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அது அங்கே இருக்கக்கூடாது என்று குருமார் நெடுங்காலமாக அதிகாரிகளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட நேரத்தில், தூப்ளேயின் உத்தரவின்பேரில் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை அதை மிகுந்த வேதனையோடு எழுதியிருக்கிறார். ஆலயத்துக்குள் இருந்த சுவரை இடித்தபோது ஒரு சபை தன்னைத் திருத்திக்கொண்டது. பக்கத்துக் கோயிலின் சுவரை இடித்தபோது தன் பலத்தை அயலான்மேல் காட்டியது. இரண்டும் மூன்றே ஆண்டு இடைவெளியில், ஒரே வளாகத்தின் பக்கத்தில் நடந்தவை. இதைக் கிறிஸ்தவர்களாகிய நாம் மறைக்காமல் படிக்க வேண்டும்.

1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்பு பிள்ளை காலமானார். வென்றவர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை எல்லாம் போயின. சம்பா கோயிலும் போனது. இடித்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபிக்கிறவர்கள்தான்.

1763 பாரீஸ் உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் பழைய நேர்க்கோட்டு வீதிகளின் மேலேயே மறுபடி கட்டினார்கள். இன்றைய பேராலயம் 1791இல் முடிந்தது. வேதபுரீஸ்வரர் கோயிலையும் மக்கள் பின்னர் வேறிடத்தில் எழுப்பினார்கள். ஆங்கிலேயர் மேலும் சில முறை ஊரைப் பிடித்துத் திரும்பக் கொடுத்தார்கள். 1816இலிருந்து 1954 வரை ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

அந்த ஊரின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கடல் பக்கம் வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். இன்று விடுதிகள் நிறைந்த அழகான பகுதியும் வீட்டுத் திண்ணைகள் கொண்ட தமிழ் வீதிகளும் பிரிவது அந்தக் கோட்டில்தான். அதையும் ஒரு சுவர் என்றே சொல்லலாம்.

செருப்பும் பெயரும்

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல ஷூ அணிந்து நீதிமன்றம் வந்தார். அதற்காகவே நீதிபதி அவரைத் தடுத்தார். அவர் விட்டுக்கொடுக்காமல் போராடினார். 1881இல் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. தன் சாதி வழக்கங்களைச் சட்டப்படி துறந்துவிட்டு, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வாழ விரும்புகிறவர்கள் பதிவு செய்யலாம், புதிய குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ளலாம். முன்னோடியாகப் பதிவு செய்தவர் இந்தப் பொன்னுத்தம்பி. அவர் எடுத்த பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். தாழ்த்தப்பட்டோரும் கிறிஸ்தவர்களும் பெரும் எண்ணிக்கையில் அவருக்குப் பின்னால் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். பலர் பிரெஞ்சு அரசு வேலையில் சைகோனுக்கும் போனார்கள்.

அடுத்து வந்த காலம் உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 1908இல் பாரதியார் ஆங்கில அரசிடமிருந்து தப்பி வந்து 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது.

"எந்த ஊர்?"

சரி, நியூஜெர்சியில் பிறந்த எனக்கு இந்தச் சுவரால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சாதி என்ற சொல்லையே நாங்கள் பள்ளியில் உலக வரலாற்றுப் பாடத்தில்தான் படித்தோம் என்று உங்களில் சிலர் சொன்னதும் உண்டு. அது உண்மையாக இருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்தச் சொல் நமக்கு முன்பே கப்பல் ஏறி வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம், சாதி வேற்றுமையைச் சட்டத்தால் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய இதுபோன்ற மசோதாவை, இருக்கிற சட்டங்களே போதும் என்று கவர்னர் திருப்பி அனுப்பினார். எது சரி என்பதில் பெரியவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் நம் மக்கள் நடுவில் இப்படி ஒரு காரியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஆலயத்தில் வடபக்கச் சுவர் கிடையாது. அமெரிக்கச் சபையாரிடம் வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பெஞ்சுதான். ஆனால் கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தைப் பாருங்கள். சி.எஸ்.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் நிற்கும். அந்த ஒரு சொல் ஒரு சுவரின் கனம் உடையது. 15 வயதில் உங்களுக்குத் தெரியாத அந்தச் சுவர், 27 வயதில், "ஆள் நல்லவர்தான், விசுவாசிதான், ஆனால்..." என்று வீட்டில் தொடங்கும்போது முதன்முதலாகக் கண்ணில் படும்.

புதிதாக வந்தவரிடம் நாம் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். இனிய கேள்வி அது. திருநெல்வேலி என்றால் அல்வா, நாகர்கோவில் என்றால் தேங்காய்ப்பால் போட்ட மீன்குழம்பு, யாழ்ப்பாணம் என்றால் ஒடியல் கூழ் என்று பேச்சு வளரும். ஆனால் சில வாய்களில் அந்தக் கேள்வி அங்கே நிற்பதில்லை. ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, எந்தச் சபை, அப்பா பேர் என்ன என்று நூல் பிடித்துக்கொண்டே போகும். அது எங்கே போய் முடிகிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்த வேளையில் பதில் சொல்கிறவர் கையில் இருக்கும் காபி டம்ளரைப் பாருங்கள். இறுகப் பிடித்திருப்பார்.

எபேசு சபைக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், கிறிஸ்து தகர்த்துப்போட்ட ஒரு நடுச்சுவரைப் பற்றி எழுதுகிறார். புதுச்சேரி ஆலயத்தில் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டபோதெல்லாம் வடபக்கச் சுவர் அங்கேயே நின்றது. வசனம் ஒருபுறம், சுவர் ஒருபுறம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள மனிதரால் முடிகிறது என்பதே நாம் பயப்பட வேண்டிய விஷயம்.

இந்த மாத வாலிபர் கூட்டத்துக்கு வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா பாட்டியை வீடியோ காலில் கூப்பிடுங்கள். "நீங்கள் சின்ன வயதில் போன ஆலயத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்? கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் ஒன்றா? திருவிருந்துக்கு யார் முதலில் போனார்கள்?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள், கதை கேட்கிற குரலில் கேளுங்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். சுவரின் அந்தப் பக்கம் உட்கார்ந்த பாட்டி ஒருவர், இதுவரை யாரும் கேட்காததால் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லலாம். பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசைக்குப் போகும்போது, வழக்கமாக உட்காரும் கூட்டத்தைவிட்டு, இதுவரை பேசாத ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். எந்த ஊர் என்றும் தாராளமாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஊரின் பெயரோடு கேள்வியை நிறுத்திக்கொண்டு, சாதத்தை அவர்கள் பக்கம் நகர்த்துங்கள்.